கருப்பட்டி விற்கிறது, கையில் காசு நிற்கவில்லை

கேள்வி: உடன்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுக்கு. வீட்டுக்காரர் பனையேறி. என் மாமியார் காலத்திலிருந்து கருப்பட்டி காய்ச்சுகிறோம். முன்பெல்லாம் பங்குனி பிறந்ததும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, காய்ச்சக் காய்ச்ச அவருக்கே போட்டுவிடுவோம். இரண்டு வருஷமாகக் கொஞ்சத்தை வீட்டில் வைத்து நாங்களே விற்கிறோம். ஒரு தடவை வாங்கியவர்கள் திரும்பக் கேட்டு வருகிறார்கள். ஆனாலும் ஆவணி பிறந்தால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அடுத்த பங்குனிக்கு மறுபடியும் முன்பணம்தான்.

கடைத்தெருவில் சீனி கலந்த சரக்கு எங்கள் விலையில் பாதிக்குக் கிடைக்கிறது. "நீங்களும் கொஞ்சம் சேர்த்தால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது" என்று சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். கொழுந்தனார் திருச்செந்தூரில் கோயில் பக்கம் கடை எடுக்கச் சொல்கிறார். காலேஜில் படிக்கிற மகன் ஆன்லைனில் விற்கலாம் என்கிறான். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தொழிலைப் பெரிசாக்க நான் எதை முதலில் செய்ய வேண்டும்?

– வாசகி, உடன்குடி வட்டாரம்

பதில்: கடை, ஆன்லைன், சீனி மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது.

பெரிசாக்குவது என்றதும் எல்லாரும் கிலோவைக் கூட்டத்தான் நினைக்கிறார்கள். உங்கள் தொழிலில் அதற்கு இடம் குறைவு. உங்கள் வீட்டுக்காரர் காலையும் மாலையும் ஏறி இறங்குகிற பனைகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு மரத்திலும் பாளையைச் சீவ வேண்டும், கலயத்தை இறக்க வேண்டும், சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்ட வேண்டும், பிறகு அடுத்த மரம். இவ்வளவு செய்து பத்து லிட்டர் பதநீர் சேர்த்துக் காய்ச்சினால் சிரட்டையில் விழுவது ஒரு கிலோவும் கொஞ்சமும். பக்கத்துத் தோப்பைப் பாட்டத்துக்கு எடுத்துவிடலாம்தான். ஏறுவதற்கு ஆள் எங்கே? இந்த வேலைக்குப் புதிதாக வருகிற இளவட்டங்கள் எத்தனை பேர் என்று என்னைவிட உங்களுக்கே தெரியும்.

அளவை நம்பிப் பெரிய பணமே உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தரம் வந்துபோயிருக்கிறது. சுமார் நூறு வருஷத்துக்கு முன்பு குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனி பனைவெல்லத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை நடத்தியது. திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் நடுவே குட்டி ரயிலே ஓட்டினார்கள். 1940 வாக்கில் ரயிலும் நின்றுபோனது. தேரிக்காட்டு ஓரத்தில் கருப்பட்டி காய்ச்சும் விடிலிகளில் இன்றைக்கும் புகை வருகிறது. இதை ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மரமும் ஏறுகிற ஆளும் கூடாத இடத்தில் கிலோவை நம்பிப் போடும் திட்டம் எதுவானாலும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆக, காய்ச்சுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் காசு வரவேண்டும். உங்களுக்கு வளர்ச்சி என்றால் அதுதான். அந்தக் காசு இப்போது எங்கே போகிறது என்று பார்ப்போம்.

பதநீர் வருஷத்தில் பாதிதான் வரும். கருப்பட்டியை ஜனங்கள் பன்னிரண்டு மாசமும் வாங்குகிறார்கள். கலயம், சுண்ணாம்பு, விறகு, பாட்டம், கூலி என்று செலவு முழுவதும் பங்குனிக்கும் ஆடிக்கும் இடையில் வந்து குவிகிறது. அதே நேரத்தில்தான் வட்டாரத்தில் எல்லா விடிலியிலும் சரக்கு இறங்குகிறது, விலையும் இறங்குகிறது. ஐப்பசி தாண்டி விலை ஏறும்போது காய்ச்சியவர் வீட்டில் சரக்கு இருப்பதில்லை. யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்த ஏற்றம்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நானாக வைத்தவை, உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பருவத்தில் உங்களிடம் 1,000 கிலோ இறங்குகிறது. எல்லாவற்றையும் ஆனி, ஆடிக்குள் கிலோ 250 ரூபாய்க்குக் கொடுத்தால் 2,50,000 ரூபாய். 700 கிலோவை மட்டும் அப்படிக் கொடுத்துவிட்டு 300 கிலோவை நிறுத்தி வைக்கிறீர்கள் என்று வையுங்கள். மார்கழிக்குள் பத்துக் கிலோ எடை குறைகிறது, மீதி 290 கிலோ 350 ரூபாய்க்குப் போகிறது. மொத்தம் 2,76,500 ரூபாய் வருகிறது. ஒரு பனை கூடுதலாக ஏறவில்லை, ஒரு பானை கூடுதலாகக் காய்ச்சவில்லை, 26,500 ரூபாய் அதிகம்.

"நிறுத்தி வைக்க முடிந்தால் நாங்கள் ஏன் முன்பணம் வாங்குகிறோம்" என்பீர்கள். அங்கேதான் வருகிறேன்.

முன்பணத்துக்கு வட்டி கிடையாது என்று நம்மவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வியாபாரி வட்டி என்று வாயால் கேட்பதில்லை, உண்மைதான். விலையில் எடுத்துக்கொள்கிறார். 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு, கடைத்தெரு விலையைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்து 700 கிலோ எடுக்கிறார் என்றால், ஐந்து மாசத்தில் நீங்கள் விட்டது 14,000 ரூபாய். அதாவது நூற்றுக்கு மாசம் ஐந்தரை ரூபாய்க்கு மேல் வட்டி. அதே 50,000 ரூபாயை நகையை வைத்து நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் ஐந்து மாசத்துக்கு 2,500 ரூபாயோடு முடிந்திருக்கும். கூட்டுறவு வங்கியிலோ மகளிர் குழுக் கடனாகவோ இதைவிடக் குறைவாகவும் கிடைக்கலாம். லாக்கரில் கிடக்கிற சங்கிலிக்கு இந்த ஐந்து மாசம் வேலை கொடுப்பதில் தப்பில்லை. ஆடியில் திருப்பிவிட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

வியாபாரியைப் பகைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. விலை சரிந்த வருஷத்திலும், சரக்கு இளகிப்போன வாரத்திலும் மொத்தமாக எடுத்துக்கொண்டவர் அவர்தான். அவருக்கு 700 கிலோ தொடர்ந்து போடுங்கள். முன்பணம் வாங்காமல் போடுங்கள். கை நீட்டிப் பணம் வாங்காத ஆளிடம் அவர் பேசுகிற விலை வேறு மாதிரி இருக்கும்.

முதல் வருஷமே 300 கிலோ நிறுத்த வேண்டாம். 50 கிலோவில் தொடங்குங்கள். அதற்கான பணத்துக்கு உங்கள் பக்கத்துப் பழைய வழி ஒன்று இருக்கிறது. நாடார் வணிகர்கள் பேட்டைகளில் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுவில் சேர்த்தார்கள். பேட்டையும் பள்ளிக்கூடமும் அந்தப் பணத்தில் எழுந்தன. 1921ல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி, இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, இப்படிச் சேர்ந்து செய்யப் பழகிய வணிகர்கள் ஏற்படுத்தியதுதான். நீங்கள் உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு மகமை வையுங்கள். விற்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் பத்து ரூபாய், தனிக் கணக்கில், அன்றன்றைக்கே. பள்ளிக்கூட ஃபீசுக்கும் கல்யாண மொய்க்கும் அதில் கை வைக்கக் கூடாது. 1,000 கிலோவுக்கு 10,000 ரூபாய் சேரும். ஐந்து பருவத்தில் முன்பணம் என்ற பேச்சே உங்கள் வீட்டில் அடிபடாது.

இதோடு இன்னொரு பழக்கமும் வேண்டும். வீட்டுக்காரர் ஏறுவதற்கும் நீங்கள் காய்ச்சுவதற்கும் நோட்டில் கூலி எழுதுங்கள். வெளி ஆளுக்கு என்ன கொடுப்பீர்களோ அதை எழுதுங்கள். வீட்டுச் செலவு அந்தக் கூலிக்குள் அடங்க வேண்டும். கூலி கழித்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம். கிராமத்துத் தொழில்கள் பலவற்றில் ஜனங்கள் லாபம் என்று சொல்லிக்கொள்வது சொந்த உடம்பின் கூலிதான், அதுவும் குறைத்து எடுத்துக்கொண்ட கூலி. மளிகைக் கடைகளுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்திருந்தால் அந்தப் பாக்கியையும் அதே நோட்டில் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதி வாருங்கள். பழைய பாக்கி தீராமல் புதுச் சரக்கு இல்லை.

நிறுத்தி வைக்கிற கருப்பட்டி எது என்பதில் உங்கள் கைத்திறன் பேச வேண்டும். எல்லாச் சரக்கும் மார்கழி வரை நிற்காது. கலயத்தில் சுண்ணாம்பு குறைந்து பதநீர் லேசாகப் புளித்திருந்தாலும் எவ்வளவு காய்ச்சினாலும் கட்டி இறுகாது, மழை ஈரம் பட்டதும் கசியும். சித்திரை, வைகாசி வெயிலில் இறங்கிய பதநீர், பொங்கி வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டு அடக்கி, கூப்பனி என்கிற பாகுப் பதம் தாண்டி நன்றாகச் சுண்டவிட்டு ஊற்றியதை மட்டும் எடுத்து வையுங்கள். உங்கள் மாமியார் ஓலைப் பெட்டியில் அடுக்கி அடுப்புக்கு மேல் பரணில் ஏற்றியிருப்பார். அந்தப் புகையும் சூடும்தான் ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலிருந்து காப்பாற்றியது. இப்போது கேஸ் அடுப்பு வந்துவிட்ட வீட்டில் பரணில் ஏற்றிப் பயனில்லை. விடிலியிலேயே இடம் பண்ணுங்கள், தரையிலிருந்து தூக்கி, சுவரை ஒட்டாமல். ஒவ்வொரு பெட்டியிலும் எந்த வாரம் காய்ச்சியது என்று ஒரு சீட்டுப் போடுங்கள். எந்த வாரத்துச் சரக்கு கசிந்தது, எது கல் மாதிரி நின்றது என்பது அடுத்த வருஷத்துக்கு உங்களுக்கே பாடமாக இருக்கும்.

இனி சீனி.

சீனி கலப்பவரோடு விலையில் மோத முடியாது. கிலோ நாற்பது, ஐம்பது ரூபாய்ச் சீனியைக் கருப்பட்டி என்று விற்பவரிடம் நீங்கள் எவ்வளவு குறைத்தாலும் அவர் இன்னும் கொஞ்சம் குறைப்பார். நீங்களும் கொஞ்சம் கலந்தால் அவருடைய ஆட்டத்தில் கடைசி ஆளாகப் போய்ச் சேர்வீர்கள். அவருக்கு மூட்டைச் சீனி மொத்த விலையில் வருகிறது, உங்களுக்கு வராது. நியாய அநியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்குப்படியே அது நஷ்டம். சட்டப்படி அது கலப்படம்.

சுத்தமானது என்று காட்டுவது எப்படி? உடைத்துப் பார், தண்ணீரில் போட்டுப் பார், மினுமினுத்தால் கலப்படம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற சோதனைகளை நம்பி வியாபாரம் செய்யாதீர்கள். பதநீரின் இனிப்பும் கரும்புச் சீனியின் இனிப்பும் பெரும்பாலும் ஒரே சுக்ரோஸ்தான். தண்ணீர் டம்ளரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு நாள் உங்கள் நல்ல சரக்கே அந்தச் சோதனையில் தோற்கும், வாடிக்கையாளர் போய்விடுவார். அதற்குப் பதில் காய்ச்சுகிற இடத்தைத் திறந்து வையுங்கள். குலசைக்கும் திருச்செந்தூருக்கும் காரில் போகிறவர்கள் சித்திரை, வைகாசியில் உங்கள் விடிலியில் பத்து நிமிஷம் நின்றால் போதும், பதநீர் பானையிலிருந்து சிரட்டைக்கு வருவதைப் பார்த்தவர் பிறகு விலை பேச மாட்டார்.

உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் மாவட்டத்திலேயே கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் இது இருக்கிறது. ஊர்ப் பெயருக்குக் கிடைத்த பாதுகாப்பு அது. ஆனால் உடன்குடியில் காய்ச்சுகிறோம் என்பதற்காக அந்த முத்திரையை நாமாக அச்சடித்து ஒட்டிவிடக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்ய வேண்டும். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. குறியீடு வாங்கிய உற்பத்தியாளர் அமைப்பு வழியாகப் போனால் அலைச்சல் குறையும். தனியாகப் போவதைவிட உங்கள் ஊரில் கலக்காமல் காய்ச்சுகிற நான்கைந்து வீடுகள் சேர்ந்து போவது நல்லது. முத்திரை வந்துவிட்டால் விற்றுவிடும் என்று மட்டும் இருக்க வேண்டாம். முத்திரையைப் பார்த்து வாங்குகிறவரைவிட, ஒரு கட்டியைக் காப்பியில் போட்டுப் பார்த்துத் திரும்பி வருகிறவர்தான் உங்களுக்குச் சோறு போடுகிறார்.

மகன் சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் பெரிய ஆன்லைன் தளங்களில் போய் விழ வேண்டாம். அவர்கள் கமிஷன், பார்சல், திரும்பி வருகிற உடைசல் எல்லாம் போக உங்களிடம் மிஞ்சுவது வியாபாரி விலைதான். உங்களிடம் திரும்பக் கேட்டு வருகிறவர்களின் பெயரும் போன் நம்பரும் நோட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் மகனின் முதல் வேலை அதுதான். சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற உங்கள் ஊர்க்காரர்கள் தை மாசம் ஊருக்கு வரும்போது அவர்கள் கையில் கொடுத்தனுப்புகிற இரண்டு கிலோதான் உங்கள் விளம்பரம். பார்சல் அனுப்புவதை மழை ஓய்ந்த தைக்கும் பங்குனிக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். மழைக் காலத்தில் அனுப்பினால் போய்ச் சேரும்போது பெட்டியில் பாகுதான் இருக்கும். கட்டியை அனுப்ப முடியாத ஐப்பசி, கார்த்திகையில் சுக்கும் மல்லியும் சேர்த்த காப்பிப் பொடி போகும். மார்கழி, தையில் பனங்கிழங்கு கையில் காசாக வரும். சில்லுக் கருப்பட்டிக்கு ஏலக்காய், சுக்குச் செலவு போகவும் கிலோவுக்கு நல்ல விலை நிற்கும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். உங்களைப் போன்ற சின்ன யூனிட்டுக்கு உரிமம் வரை போக வேண்டியதில்லை, பதிவு போதும், தூத்துக்குடியில் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, இடைத்தரகருக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். பாக்கெட்டில் அடைத்தால் எடை, விலை, தயாரித்த மாதம், முகவரி, பேச வேண்டிய நம்பர் எல்லாம் லேபிளில் வேண்டும். எடை போட்டுச் சில்லறையாகக் கொடுக்கிற கருப்பட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. பாக்கெட் கட்டி லேபிள் ஒட்டிவிட்டால் 5 சதவீதம் என்று 2022 ஜூலையில் விதி வந்தது. வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாமல் தமிழ்நாட்டுக்குள் விற்கிற வரை நீங்கள் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. லேபிள் பாக்கெட்டை மும்பைக்கு விற்கத் தொடங்கினால் பதிவு வேண்டும். அப்போது ஒரு கணக்கரைப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவையும் விட எனக்குக் கவலை தருவது ஒன்று. உங்கள் தொழில் முழுவதும் ஒருவர் காலிலும் தோளிலும் நிற்கிறது. அவர் ஒரு நாள் வழுக்கினால் விடிலி அன்றோடு அணைந்துவிடும். பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா, பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். தனியாக விபத்துக் காப்பீடு ஒன்றும் எடுங்கள், வங்கிக் கணக்கோடு சேர்ந்த மலிவான திட்டங்களே இருக்கின்றன. மகமைப் பணத்தில் இதற்கு மட்டும் கை வைக்கலாம்.

கொழுந்தனார் சொல்கிற கடைக்கு வருவோம். திருச்செந்தூரில் கூட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. அட்வான்ஸும் வாடகையும் இருக்கிறது. பன்னிரண்டு மாசமும் கடை நிறைந்திருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது ஆறு மாசச் சரக்கு. மீதி மாசத்துக்கு வெளியில் வாங்கி வைப்பீர்கள், அதில் கலப்பு வராது என்று யார் பொறுப்பு? போதாததற்கு, உட்கார ஆள் வேண்டும். இப்போதைக்கு வேண்டாம்.

ஆனால் கொழுந்தனாரிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். குலசை தசரா புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது. பருவம் முடிந்து விலை ஏறத் தொடங்குகிற நேரம். முத்தாரம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்தி வைத்த 50 கிலோவில் பாதியை எடுத்து, அந்தப் பத்து நாளைக்கு மட்டும் வழியில் ஒரு மேஜை போட்டு அவரையே உட்காரச் சொல்லுங்கள். தினக்கூலியும் கொடுங்கள், விற்ற கிலோவுக்கு ஐந்து ரூபாயும் கொடுங்கள். ராத்திரி கணக்கு முடிக்கும்போது எவ்வளவு விற்றது, எத்தனை பேர் விலை கேட்டுவிட்டு நகர்ந்தார்கள், எத்தனை பேர் நம்பர் கொடுத்தார்கள் என்று மகன் எழுதட்டும். கடை எடுப்பதா என்ற பேச்சை ஐப்பசியில் அந்த நோட்டை நடுவில் வைத்து மூன்று பேரும் பேசுங்கள்.